ஈட்ரெக்ஸா, ஜிபிஎஸ்மேப்பா, போனா? புளியரை ஏற்றத்தில் ஓர் ஒப்பீடு

செங்கோட்டை வயல் வரப்பில் நின்றுகொண்டு ஜியோகேச்சிங் விளையாட எந்த ஜிபிஎஸ் கருவி நல்லது என்று கேட்டால், கையில் இருப்பதே போதும் என்றுதான் சொல்வேன். வானம் நாலு பக்கமும் திறந்து கிடக்கும் இடத்தில் பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 10, அதே கம்பெனியின் ஜிபிஎஸ்மேப் 65எஸ், ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் மூன்றையும் ஒரே கல்லில் வைத்தால், மூன்றும் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போதுதான் சண்டை ஆரம்பம்.

ஜியோகேச்சிங் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தருவார். மற்றவர்கள் தேடிப் போய் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது 2000 மே தொடக்கத்தில். மே 3 அன்றே ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பா ஒளிக்கப்பட்டது. அதுவரை ரீடிங் நூறு மீட்டர் வரை பிசகும். டப்பா தேடுகிறவன் ஊரையே அல்லவா தோண்ட வேண்டும்!

ஒப்பிடும் முன் அலகு தெளிவாக இருக்க வேண்டும். நாம் எழுதுவது பாகை, நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இடம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.84 மீட்டர். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, கடைசி இலக்கத்தில் ஒன்று இரண்டு வித்தியாசத்துக்கு யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

இப்போது மலை. புளியரைப் பக்கம் சரிவில் நின்றால் மேற்கு வானத்தை மலை மறைத்துக்கொள்ளும். ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டிப் பக்கம் இறங்கினால் மறைவது கிழக்கு வானம். பாதி வானத்துச் செயற்கைக்கோள்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போது, வடக்கு தெற்கைவிடக் கிழக்கு மேற்கில் பிழை அதிகம் வரும். இது போதாதென்று பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு. நேராக வருவதைவிடச் சற்றுத் தாமதமாக வரும் அதையும் கருவி நம்பிவிடும்.

65எஸ் காசுக்கு வேலை செய்வது இங்கேதான். ஈட்ரெக்ஸ் 10 கேட்பது எல்1 என்ற ஒரே அலைவரிசை. 65எஸ் எல்5 அலைவரிசையையும் கேட்கும். எல்5 குறியீட்டின் வேகம் எல்1-ஐப் போல் பத்து மடங்கு. அதனால் நேராக வந்த சிக்னலையும் பாறையில் பட்டு வந்ததையும் அது நன்றாகவே பிரித்துவிடும். நாவிக் என்ற நம் நாட்டு வழிகாட்டும் செயற்கைக்கோள்களையும் அது எடுத்துக்கொள்ளும். அவை இந்தியாவை ஒட்டிய வானத்திலேயே சுற்றுவதால், உயரே நிற்பவற்றை மலை மறைக்காது. ஆனால் நாவிக்கை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். அதன் முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதான கதை ஊரறிந்தது.

ஈட்ரெக்ஸுக்கு நான் எதிரி இல்லை. இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும். 65எஸ்ஸுக்குச் சொல்லப்படுவது 16தான். ஆனால் ஈட்ரெக்ஸில் ஒரு மாயம் உண்டு. நின்ற இடத்தில் எண் அசையாமல் நிற்கும். பக்கத்தில் போனின் புள்ளி தத்தளிக்கும். பார்க்கிறவர்கள் ஈட்ரெக்ஸே சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாம் நகரவில்லை என்று தெரிந்ததும் கருவி எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தப்பான இடத்திலும் அது அதே உறுதியோடு நிற்கும். ஏழெட்டு மீட்டர் நடந்து போய்த் திரும்பி வந்து பாருங்கள், குட்டு வெளிப்படும்.

போனுக்கு வருவோம். எல்5 கேட்கும் போன்கள் 2018-லிருந்தே கிடைக்கின்றன. அப்படி ஒன்று இருந்தால் தேடுவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை என்பது என் கட்சி. பலவீனம் வேறு இடத்தில். டவர் கிடைக்காத காட்டுச் சாலையில் போனை அணைத்துப் போட்டால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை வானத்திலிருந்துதான் இறக்க வேண்டும். சிக்னல் தடையில்லாமல் வந்தாலே ஒரு செயற்கைக்கோளுக்கு அரை நிமிடம். மரத்தடியில் இன்னும் இழுக்கும். செங்கோட்டையிலேயே ஒருமுறை ஜிபிஎஸ் பிடித்துவிட்டு ஏறுங்கள். வழிகாட்டும் ஆப்பில் ரீடிங் எடுக்கவும் கூடாது. அது நம்மைத் தூக்கிச் சாலை நடுவில் நிறுத்திவிடும். சாரல் காலத்தில் ஈர விரலுக்குத் தொடுதிரை மசியாது. காலில் அட்டை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பொத்தானின் அருமை தெரியும்.

திரையில் வரும் ‘3 மீட்டர்’ என்ற துல்லியக் கணக்கை வைத்து மட்டும் கருவிகளை ஒப்பிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் அதன் பொருள், நூற்றுக்கு 68 தடவை அந்த வட்டத்துக்குள் இருப்போம் என்பது. அதாவது மூன்றில் ஒரு தடவை வெளியே. கார்மின் போடும் கணக்கு வேறு.

டப்பா ஒளிப்பவர்களுக்குத்தான் பல தடவை எடுத்த ரீடிங்கின் சராசரி முக்கியம். கார்மினிலேயே அதற்கு வசதி உண்டு. நாலு முதல் எட்டு மாதிரி எடுங்கள், இடையே குறைந்தது 90 நிமிடம் விடுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்கே போய் எடுத்தால் பயன் குறைவு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மறுநாள் சுமார் நாலு நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். அதே பாறை, அதே எதிரொலி, அதே பிழை. ஒரு நாள் காலை, ஒரு நாள் பிற்பகல் என்று மாற்றுங்கள். பொழுது சாய்ந்தபின் வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் ஓடுகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் வந்ததே அதனால்தான். அந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில், ஜிபிஎஸ் சிக்னல் கடந்து வரும் அயனி மண்டலம் இருட்டியபின் கலங்கும், மார்ச், செப்டம்பரை ஒட்டி இன்னும் அதிகமாக.

உயரத்தை ஒப்பிட்டு நடக்கும் சண்டைதான் எனக்குப் பிடித்தது. “அண்ணாச்சி, ஒங்க போன் கிணத்துக்குள்ள நிக்குதா?” என்று கேட்காத ஆளில்லை. கார்மின் 200 மீட்டர் என்னும், போன் 110 பக்கம் காட்டும். இரண்டும் சரி. கார்மின் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறது. பல ஆண்ட்ராய்டு ஆப்கள் பூமிக்கென்று கணித்து வைத்த நீள்கோளத்திலிருந்து சொல்கின்றன. நம் தென்கோடியில் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்குத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் அப்படிப்பட்ட ஆப்பைத் திறந்தால் மைனஸ் தொண்ணூறு சொச்சம் வரும்.

சரி, எதை வாங்குவது? தேட மட்டும் போகிறவர் எதுவும் வாங்க வேண்டாம். மலைச்சரிவில் ஒளிக்கப்போகிறவர் 65எஸ் வாங்கலாம், அல்லது வைத்திருப்பவரோடு கூட்டுச் சேரலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்புவதானால் மாடல் பெயரை எழுத்து விடாமல் எழுதிக் கொடுங்கள். அதே வரிசையில் வரும் ஜிபிஎஸ்மேப் 67 வெறும் ஜிபிஎஸ். கடைசியில் ஆங்கில ‘ஐ’ ஒட்டிய மாடல் இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அனுப்பும். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளப்போவது அவர்தான், நீங்கள் அல்ல.