மிச்சம் இருக்க மூணு எம்ப்ரியோ (கரு): நாகர்கோவில் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் பேபி) சென்டர்ல எங்க அனுபவம்

சென்டர் பேர் போடல, குறையும் சொல்லப் போறேன் அதனால. நாங்க மார்த்தாண்டம் பக்கம். எல்லாரும் திருவனந்தபுரம் போங்கன்னுதான் சொன்னாங்க, ஆனா ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அடிக்கடி போணும், பஸ்ஸ விட்டு எறங்கி நடக்குற தூரத்துல இருக்குன்னு நாகர்கோவில்லயே பாத்தோம்.

ட்ரீட்மென்ட் கொள்ளாம். 2022ல லேப்ல முட்டையும் விந்தும் சேத்து அஞ்சு எம்ப்ரியோ கெடச்சுது, ரெண்ட எனக்க கர்ப்பப்பையில வச்சாங்க, பையன் பொறந்தான், இப்பம் அவனுக்கு மூணு வயசு. டாக்டர், லேப், நர்சுங்க யாரையும் ஒரு கொற சொல்ல முடியாது. மீதி மூணையும் ஃப்ரீஸ் பண்ணி வச்சிருக்காங்க, லிக்விட் நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரில இருக்கு.

பிரச்சன அந்த மூணுலதான். எங்களுக்கு இனி பிள்ள வேண்டாம், எனக்க உடம்புக்கு தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அங்க வெயிட்டிங் ஹால்ல வச்சு பழகுன குளச்சல் அக்கா ஒருத்தங்க, வீட்டுக்காரரு ஆழ்கடலுக்கு மீன் பிடிக்க போறவரு, அவருக்க மீன்பிடி போட்டு கரைக்கு வர்ற நாள் பாத்துதான் அப்பாயின்ட்மென்ட் வாங்குவாங்க, மூணு தடவ வச்சும் தங்கல, கருமுட்டையே சரியில்லன்னு சொல்லிட்டாங்களாம். அவங்க அழுதத பாத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி நானும் எங்க வீட்டுக்காரரும் உறங்கல, நம்ம மூணையும் அவங்களுக்கே குடுத்தா என்னன்னு அவருதான் முதல்ல கேட்டாரு. பைசா ஒண்ணும் வேண்டாம், யாருன்னு கூட அவங்களுக்கு தெரிய வேண்டாம்னு முடிவு பண்ணிதான் போய் கேட்டோம்.

ரிசப்ஷன்ல "பாக்கலாம் மேடம், இந்த வருஷ ஸ்டோரேஜ் பணம் கட்டிட்டு போங்க"ன்னு அனுப்பி விட்டாங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. மூணாவது தடவ, அங்க ஆலோசனை சொல்லுற கவுன்சிலர் மேடத்த பாத்தே தீருவேன்னு உக்காந்துட்டேன். இந்த ரிவ்யூ எழுதுறதே அவங்களுக்காகத்தான். முக்கா மணி நேரம், ஃபோன கூட எடுக்காம பேசுனாங்க. குடுக்க முடியாதுங்கறத முதல் வார்த்தையிலயே சொல்லிட்டாங்க. 2021ல வந்த ஏஆர்டி (செயற்கை முறை கருத்தரிப்பு) சட்டத்துப்படி, கருமுட்டை தானமும் விந்து தானமும் பதிவு பண்ணுன பேங்க் (முட்டை, விந்து சேத்து வைக்கிற எடம்) வழியா நடக்கலாம், ஆனா ஒரு தம்பதிக்கு உருவான எம்ப்ரியோவ இன்னொரு தம்பதிக்கு மாத்த முடியாது, அவங்க அவங்க சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் வேற எடத்துக்கு கொண்டு போகலாம், அதுக்கும் இந்த சட்டத்துல சொல்லுற நேஷனல் போர்டு (தேசிய வாரியம்) அனுமதி வேணும். அதிகபட்சம் 10 வருஷம் வைக்கலாம், அதுக்கப்புறம் அழிய விடணும் இல்லன்னா நம்ம சம்மதத்தோட ஆராய்ச்சிக்கு குடுக்கணும். எங்களுக்கு அது 2032. அந்த பக்கத்த எடுத்து எனக்கு வாசிச்சே காட்டுனாங்க, புரியாத எடத்துல நிறுத்தி நிறுத்தி சொன்னாங்க.

அமெரிக்காவுல 1997ல இருந்தே இப்படி மிச்சம் இருக்க எம்ப்ரியோவ வேற தம்பதிக்கு குடுக்குறதுக்கு அமைப்பு இருக்குன்னும் அவங்கதான் சொன்னாங்க. நம்ம நாட்டுலயும் 2005ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழிகாட்டுதல்ல இதுக்கு எடம் இருந்திருக்கு. எம்ப்ரியோவ வச்சு வியாபாரம் நடக்கக்கூடாதுன்னு தடுக்குறது சரிதான், நான் அத தப்பு சொல்லல. ஆனா ஒரு பைசா வாங்காம குடுக்குறவங்களுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம், அத நெனச்சா இப்பவும் மனசு ஆறல. கல்கத்தாவுல டாக்டர் சுபாஷ் முகர்ஜி 1978லயே ஃப்ரீஸ் பண்ணுன எம்ப்ரியோவ வச்சு குழந்தை பொறக்க வச்சவரு, அப்ப அவர யாரும் நம்பல, அப்படிப்பட்ட நாட்டுல மூணு உயிருக்கு வழி இல்லாம கெடக்குது.

என் குறை இதுதான். ஃப்ரீஸ் பண்ணுறதுக்கான கன்சென்ட் (சம்மத) ஃபார்ம்ல முட்டை எடுத்த அன்னைக்கே மடமடன்னு கையெழுத்து வாங்குனாங்க, அனஸ்தீசியா முடிஞ்ச மயக்கம் கூட எனக்கு தெளியல. மிச்சம் வந்தா என்ன ஆகும், யாருக்கும் குடுக்க முடியாது, 10 வருஷந்தான்னு அன்னைக்கே யாராவது ஒக்காந்து சொல்லியிருந்தா எத்தன எம்ப்ரியோ உருவாக்கணும்னு நாங்க யோசிச்சிருப்போம். அதுபோல பணம் கட்ட மட்டும் மெசேஜ் வருது, வேற ஒரு தகவலும் வர்றதில்ல. போறவங்க முட்டை எடுக்குற நாளுக்கு முன்னாடியே ஃபார்ம வீட்டுக்கு கேட்டு வாங்கிட்டு போய் ரெண்டு பேருமா வாசிங்க. கவுன்சிலர நேரா கேளுங்க, ரிசப்ஷன்ல கேட்டு திரும்பிப் போகாதீங்க.

இந்த வருஷ பணம் கட்டிட்டோம். ஆராய்ச்சிக்கு குடுக்கவும் மனசு வரல, அழிய விடவும் வரல. குளச்சல் அக்காவுக்கு பேங்க் வழியா கருமுட்டைக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, அதையும் அந்த கவுன்சிலர் மேடந்தான் பண்ணி விட்டாங்க. அடுத்த தடவ போட்டு கரைக்கு வர்றப்ப அவங்க கூட நானும் போறேன்.