சிக்வினா, கிட் பேஷா, டபிள்யூஎஸ்எல்லா? விண்டோஸ்ல லினக்ஸ் கமாண்டு ஓட்டுறவங்களுக்கு

போன மாங்கா சீசன்ல காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரில இருந்து அக்கவுண்ட்ஸ் பாக்குற அண்ணன் காலங்காத்தால போன் பண்ணாரு. "தம்பி, மொத்த டன்னு கரெக்டா வருது, ரகம் வாரியா பிரிச்சா பெங்களூரா 0, நீலம் 0, அல்போன்சா 0ன்னு காட்டுது, வெளிய லாரி வரிசையா நிக்குது, என்னன்னு பாருப்பா." அங்க எடைமேடை சாஃப்ட்வேர் தினமும் டி டிரைவ்ல ஒரு சிஎஸ்வி ஃபைல் போடும், நான் எழுதிக் குடுத்த சின்ன 'ஆக்' ஸ்கிரிப்ட் (ஃபைலை வரி வரியா படிச்சுக் கணக்கு போடுற லினக்ஸ் கமாண்டு வச்சு எழுதுனது) அதைக் கூட்டி கணக்கு சொல்லும், என் லினக்ஸ் லேப்டாப்ல நானே டைப் பண்ண சாம்பிள் ஃபைல்ல அது நல்லா ஓடுச்சு, அங்க டபிள்யூஎஸ்எல் (விண்டோஸ்க்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற மைக்ரோசாஃப்ட் வசதி) போட்டு அதே ஸ்கிரிப்ட்டை வச்சுட்டு வந்துட்டேன்.

நேர்ல போயி 'கேட்' கமாண்டுக்கு பெரிய ஏ ஆப்ஷன் குடுத்து ஃபைலைப் பாத்தா விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு வரி கடைசிலயும் வெறும் டாலர் குறி இருக்கணும், அங்க ^எம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு அதுக்கப்புறம் டாலர். விண்டோஸ் சாஃப்ட்வேர் ஒவ்வொரு வரியையும் கேரேஜ் ரிட்டர்ன் (அந்த ^எம்தான்), லைன் ஃபீட்னு ரெண்டு எழுத்தால முடிக்கும், லினக்ஸ் பக்கம் லைன் ஃபீட் மட்டும்தான். ரகத்தோட பேரு கடைசி நெடுவரிசைல இருந்ததால 'நீலம்' கூட கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து சேந்துடுச்சு, அப்புறம் எப்படி பொருந்தும்? எடை நடு நெடுவரிசைல இருந்ததால கூட்டல் மட்டும் சரியா வந்துச்சு. விண்டோஸ் வரி முடிவை லினக்ஸ் வகைக்கு மாத்துற டாஸ்டூயூனிக்ஸ் கமாண்டு ஒரு தடவை ஓட்டினேன், கணக்கு வந்துடுச்சு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, "எது பெஸ்ட், சிக்வினா டபிள்யூஎஸ்எல்லா"ன்னு கேக்குறவங்க எல்லாரும் ஸ்பீடு பத்தியும் புதுசு பழசு பத்தியும்தான் கேக்குறாங்க. ஆனா கோளாறு வர்றது பெரும்பாலும் எல்லையில, விண்டோஸ் முடிஞ்சு லினக்ஸ் ஆரம்பிக்கிற அந்த வரப்புல. சிக்வின், கிட் பேஷ், டபிள்யூஎஸ்எல் எல்லாமே விண்டோஸ்ல லினக்ஸ் கமாண்டு ஓட்டுற டூல்தான், ஒவ்வொண்ணுலயும் அந்த வரப்பு ஒவ்வொரு இடத்துல இருக்கு, உங்க ஃபைலு வரப்புக்கு எந்தப் பக்கம் கிடக்குதுன்னு பாத்து டூலைத் தேர்ந்தெடுத்தா பாதி தலைவலி போயிடும்.

முதல்ல நீங்க எதுக்குள்ள உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குங்க, நிறைய பேருக்கு அதுவே தெரியல. 'யூநேம்'னு அடிங்க. சிக்வின்னு ஆரம்பிச்சா சிக்வின், மிங்டபிள்யூ இல்லனா எம்சிஸ்னு வந்தா கிட் பேஷ் இல்லனா எம்சிஸ்2, லினக்ஸ்னு வந்தா டபிள்யூஎஸ்எல். டபிள்யூஎஸ்எல் போட்ட மிஷின்ல கமாண்ட் பிராம்ப்ட்ல சும்மா 'பேஷ்'னு (கமாண்டு வாங்கி ஓட்டுற லினக்ஸ் புரோகிராம்) அடிச்சா சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்குற பேஷ் முந்திக்கிட்டு டபிள்யூஎஸ்எல்லைத் தொறந்துடும், நீங்க கிட் பேஷ்னு நெனச்சு சி டிரைவ் பாத்தை (ஃபைல் இருக்குற முகவரியை) குடுத்து அது கிடைக்கலன்னு ஒரு மணி நேரம் தேடிட்டு இருப்பீங்க.

சரி, சிக்வின். 1995ல சிக்னஸ் சொல்யூஷன்ஸ்ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் உயிரோட இருக்கு, எனக்கு அது மேல ஒரு மரியாதை எப்பவும் உண்டு. லினக்ஸ் புரோகிராமோட சோர்ஸை எடுத்து விண்டோஸ்க்காக மறுபடி கம்பைல் பண்ணி, நடுவுல ஒரு டிஎல்எல்லை (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்துற கோடு ஃபைல்) மொழிபெயர்ப்பாளர் மாதிரி உக்கார வச்சிருக்காங்க. டி டிரைவ் அப்படியே தெரியும், அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலும் போட வழி இருக்கு, செட்டப்பை 'நோ அட்மின்' ஆப்ஷனோட ஓட்டணும். ஓசூர்ல கம்பெனி லேப்டாப்ல வேலை பாக்குற பசங்களுக்கு இது பெரிய விஷயம்.

அதோட பிரச்சனை ஃபோர்க். லினக்ஸ்ல ஒரு புராசஸ் (ஓடிட்டு இருக்குற புரோகிராம்) தன்னை அப்படியே நகலெடுத்து இன்னொண்ணை உண்டாக்கும், அது கண்ணிமைக்கிற வேலை. விண்டோஸ்ல சிக்வினுக்கு அந்த மாதிரி நகலெடுக்குற வசதி கைக்கு எட்டுற மாதிரி இல்ல, அதனால புது புராசஸ் ஒண்ணைக் கிளப்பி, மெமரியைக் காப்பி பண்ணி, எல்லா டிஎல்எல்லும் பழைய முகவரியிலயே உக்காருதான்னு பாக்கணும். நடுவுல ஆன்டிவைரஸ் தன்னோட டிஎல்எல்லை உள்ள நுழைச்சா முகவரி மாறிடும், "ஃபோர்க் பண்ண முடியல, ரிசோர்ஸ் இல்ல"ன்னு எரர் வரும். அப்படி வந்தா எல்லா சிக்வின் ஜன்னலையும் மூடிட்டு ரீபேஸ்ஆல் (டிஎல்எல் முகவரிகள் மோதாம மறுபடி ஒதுக்குற கமாண்டு) ஓட்டுங்க, அப்பவும் வந்தா ஆன்டிவைரஸ்ல சிக்வின் ஃபோல்டரை விலக்குல போட்டுப் பாருங்க. ஒரே மிஷின்ல ரெண்டு இடத்துல சிக்வின்1 டிஎல்எல் கிடந்தாலும் இதே மாதிரி சண்டை வரும், ஏதோ பழைய சாஃப்ட்வேர் தன் ஃபோல்டர்ல ஒரு காப்பியை வச்சிருக்கும், தேடிப் பிடிச்சு, விண்டோஸ் புரோகிராம் தேடுற 'பாத்'ங்கிற ஃபோல்டர் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க.

எரர் வராட்டியும் மெதுவு. வரிக்கு வரி ஒரு 'செட்' (வரில எழுத்தை மாத்துறது), ஒரு 'கட்' (வரில ஒரு பகுதியை எடுக்குறது)னு லூப்புக்குள்ள கூப்பிடுற ஸ்கிரிப்ட் லினக்ஸ்ல சட்டுனு முடியும், சிக்வின்ல டீ குடிச்சுட்டு வந்தாலும் ஓடிட்டே இருக்கும். இதுக்கு டூலை மாத்துறதை விட ஸ்கிரிப்ட்டை மாத்துறதுதான் சரி, லூப்பை எடுத்துட்டு முழு ஃபைலையும் ஒரே 'ஆக்'ல ஓட்டுங்க, வித்தியாசம் அசந்துபோவீங்க. இன்னொண்ணு, பழைய சிக்வின்ல 'செட்', 'ஆக்', வார்த்தை தேடுற 'க்ரெப்' மூணும் சில இடத்துல கேரேஜ் ரிட்டர்னைத் தானே முழுங்கிக்கும், 2017ல அதை நிறுத்திட்டாங்க, அதனால ரொம்ப வருஷமா ஓடிட்டு இருந்த ஸ்கிரிப்ட் அப்டேட் பண்ணதும் படுத்துடுச்சுன்னா அங்க பாருங்க.

கிட் பேஷும் எம்சிஸ்2வும் சிக்வினோட வழித்தோன்றல்தான், அதனால ஃபோர்க் மெதுவு இங்கயும் உண்டு. எம்சிஸ்2ல பேக்மேன்ங்கிற இன்ஸ்டால் கமாண்டு வச்சு வேணுங்கிறதை இறக்கிக்கலாம், கிட் பேஷ் அதையே சுருக்கி கிட்டுக்கு (கோடுல பண்ற மாற்றத்தைப் பதிவு வச்சுக்கிற டூல்) மட்டும் கட்டின பொட்டலம். இங்க வரப்பு எங்கன்னா பாத் மாத்துறதுல. விண்டோஸ் புரோகிராமைக் கூப்பிடும்போது சாய்கோட்டுல ஆரம்பிக்கிற எதைப் பாத்தாலும் அது லினக்ஸ் ஃபைல் முகவரின்னு நெனச்சு விண்டோஸ் முகவரியா மாத்திக் குடுத்துடும். பாதி நேரம் அது பெரிய உபகாரம். மீதி நேரம் பாருங்க, தொங்குற புரோகிராமை நிறுத்த டாஸ்க்கில்லுக்கு /எஃப்னு குடுத்தேன், எரர்ல 'எஃப்:/' தப்பான ஆப்ஷன்னு வருது, என்னோட ஆப்ஷனை எஃப் டிரைவ்னு நெனச்சுடுச்சு! சாய்கோடு ரெண்டு போட்டு //எஃப்னு அடிச்சா வேலை முடிஞ்சுது. ஸ்கிரிப்ட் முழுக்க இது வேணாம்னா கிட் பேஷ்ல எம்சிஸ்_நோ_பாத்கன்வ் வேரியபிளை 1னு வச்சுடுங்க, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துல.

கிட் பத்தி ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டால் பண்ணும்போது வரி முடிவைப் பத்தி ஒரு கேள்வி வரும், எல்லாரும் படிக்காம நெக்ஸ்ட் அடிக்கிறாங்க, அந்த டிஃபால்ட்டு என்ன பண்ணும்னா ரெப்போல (கிட் வச்சிருக்குற கோடு கிடங்கு) இருந்து எடுக்குற ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் விண்டோஸ் வரி முடிவா மாத்தி டிஸ்க்ல போடும். கிட் பேஷ் அதைப் பொறுத்துக்கிட்டு ஓட்டிடும். அதையே டபிள்யூஎஸ்எல்ல ஓட்டினா "பேட் இன்டர்பிரட்டர், பேஷ்^எம்"னு கத்தும். ரெப்போல கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் ஒண்ணு வச்சு ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாத்துக்கும் வரி முடிவு எல்எஃப் (லைன் ஃபீட்)னு எழுதிட்டா இந்தத் தொல்லை அந்த டீம்ல யாருக்கும் வராது, அஞ்சு நிமிஷ வேலை, தயவுசெஞ்சு பண்ணுங்க.

டபிள்யூஎஸ்எல் ரெண்டு வகை. 2016ல வந்த முதலாவது, லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) இல்லாம விண்டோஸ் கெர்னலே லினக்ஸ் மாதிரி பதில் சொல்லும். 2020 மே மாசம் வந்த ரெண்டாவதுல உண்மையான லினக்ஸ் கெர்னல் ஒரு சின்ன விர்ச்சுவல் மிஷின்ல ஓடுது. ஃபோர்க் பறக்கும், கம்பைல் பறக்கும், டாக்கர் (புரோகிராமைத் தனிப் பெட்டில வச்சு ஓட்டுற டூல்) ஓடும். என்னைக் கேட்டா 8 ஜிபி ராம் இருந்து, உங்க ஃபைலெல்லாம் லினக்ஸ் பக்கமே இருந்தா, யோசிக்கவே வேணாம், டபிள்யூஎஸ்எல்2தான்.

ஆனா அந்த 'இருந்தா' பெருசு. பாலக்கோட்டுல இருந்து ஒரு காலேஜ் பையன், "அண்ணா, லினக்ஸ்னா ஸ்பீடுன்னு சொன்னீங்க, என் புராஜெக்ட்ல கிட் ஸ்டேட்டஸ் அடிச்சா நகரவே மாட்டேங்குது"ன்னு வந்தான். பாத்தா புராஜெக்ட் சி டிரைவ்ல இருக்கு, அதை எம்என்டி (லினக்ஸ் பக்கம் விண்டோஸ் டிரைவ் தெரியுற ஃபோல்டர்) வழியா தொறந்து வேலை பாக்குறான். டபிள்யூஎஸ்எல்2ல இருந்து விண்டோஸ் டிரைவைத் தொடுறது பக்கத்து ஊட்டு கிணத்துல தண்ணி சேந்துற மாதிரி, ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் விர்ச்சுவல் மிஷின் வாசலைத் தாண்டிப் போயிட்டு வரணும். ஃபோல்டரை லினக்ஸ் ஹோமுக்கு மாத்திட்டோம், உடனே சரியாச்சு. மாத்தவே முடியாத வேலைன்னா டபிள்யூஎஸ்எல்1 இந்த ஒரு விஷயத்துல வேகம், 'செட் வெர்ஷன்' ஆப்ஷன்ல திருப்பிக்கலாம்.

அந்தப் பையனுக்கு முதல்ல இன்ஸ்டாலே ஆகல, 0x80370102னு எரர். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போயி சிபியூ கீழ விர்ச்சுவலைசேஷன் டிசேபிள்னு இருந்தா பயாஸ்ல போய் ஆன் பண்ணணும், அவ்ளோதான். அப்புறம் ராம்: விஎம்மெம்னு ஒரு புராசஸ் மெமரியைத் தின்னுட்டே இருக்கும், யூசர் ஃபோல்டர்ல டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் ஃபைல் வச்சு 2 ஜிபின்னு வரம்பு போடுங்க, 4 ஜிபி லேப்டாப்ல நான் டபிள்யூஎஸ்எல்2வைப் போடவே மாட்டேன். லேப்டாப்பை மூடித் தொறந்ததும் லினக்ஸ் பக்கம் நேரம் பின்தங்கி இருந்தா டபிள்யூஎஸ்எல்லுக்கு ஒரு தடவை ஷட்டவுன் குடுத்து திரும்ப ஆரம்பிங்க. உள்ள ஃபைலை அழிச்சாலும் சி டிரைவ்ல இடம் தானா திரும்பாது, அதுக்கு டிஸ்க்பார்ட்ல அந்த விர்ச்சுவல் டிஸ்க்கை காம்பேக்ட் பண்ணணும்.

பிஸிபாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, நிறைய லினக்ஸ் கமாண்டைச் சுருக்கி அடக்கின ஒரே ஒரு எக்ஸி ஃபைல், பென்டிரைவ்ல போட்டுட்டுப் போலாம், கஸ்டமர் இடத்துல அவசரத்துக்கு நல்லது. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

எந்த டூலா இருந்தாலும் வர்ற ரெண்டு கோளாறு சொல்லிடறேன். பழைய நீல ஜன்னல் பவர்ஷெல் 5.1ல அம்புக்குறி (>) போட்டு ஃபைல்ல எழுதினா அது யூடிஎஃப்-16ங்கிற எழுத்துக் குறியீட்டுல போகும், அப்புறம் 'க்ரெப்' தேடினா கண்ணு முன்னாடி இருக்குற வார்த்தையே கிடைக்காது. எக்செல்ல யூடிஎஃப்-8 சிஎஸ்வின்னு சேவ் பண்ணா ஃபைல் தலையில பிஓஎம்னு 3 பைட்டு ஒட்டிக்கும், முதல் நெடுவரிசையோட தலைப்பு மட்டும் பொருந்தாது. தமிழ்ல ரகம் பேரு எழுதுறவங்க அந்த வகையிலதான் சேவ் பண்ணணும், அதனால பிஓஎம் வந்தே தீரும். டாஸ்டூயூனிக்ஸ் வரி முடிவை மாத்தும்போதே அதையும் எடுத்துடும்.

ஃபேக்டரிக்கு கடைசியா என்ன போட்டேன்னா எம்சிஸ்2. மிஷின் 4 ஜிபி, ஃபைலெல்லாம் டி டிரைவ்ல, எடைமேடை சாஃப்ட்வேரும் எக்செல்லும் அதே ஃபைலைத் தொடுது, அங்க லினக்ஸ் கெர்னலுக்கு என்ன வேலை? டாஸ்க் ஷெட்யூலர்ல தினம் காலைல 6 மணிக்கு ஓடுற மாதிரி வச்சேன். முதல் நாள் அதுவும் ஓடல, ஏன்னா பேஷை லாகின் ஆப்ஷன் இல்லாம கூப்பிட்டிருந்தேன், அப்படிக் கூப்பிட்டா பாத்துல யூஎஸ்ஆர் பின் ஃபோல்டர் வராது, வரிசைப்படுத்துற 'சார்ட்'னு எழுதினா விண்டோஸோட சொந்த சார்ட் வந்து நிக்கும், -கே ஆப்ஷனை ஃபைல் பேருன்னு எடுத்துக்கிட்டு அந்த ஃபைல் கிடைக்கலன்னு சொல்லும், 'ஃபைண்ட்'டும் அதே கதைதான். லாகின் ஆப்ஷனைச் சேத்தேன், ஸ்கிரிப்ட்டோட முதல் வேலையா டாஸ்டூயூனிக்ஸ் வச்சேன். இப்ப முதல் லாரி எடைமேடை ஏறுறதுக்கு முன்னாடி நேத்து இறங்குன பெங்களூரா எவ்ளோ, நீலம் எவ்ளோன்னு அண்ணன் டேபிள்ல பிரிண்ட் இருக்கு.