இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள்: அம்மாவுக்காக வாங்கியது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், அம்மா வீட்டு டிவியில் தங்கையின் கல்யாண வீடியோவை லேப்டாப்பிலிருந்து 10 மீட்டர் பழைய எச்டிஎம்ஐ கேபிள் (படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் கேபிள்) வழியாகப் போட்டேன். தாலி கட்டும் நேரம் பார்த்துத் திரை கறுத்துப்போனது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவை 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஆகக் குறைத்துப் பார்த்தேன், படம் கறுக்காமல் ஓடியது. சரி, கோளாறு அந்த 10 மீட்டர் பழைய கேபிளில்தான். 4கே எனும் மிகத் துல்லியமான படம் 60 ஹெர்ட்ஸில் ஓட நொடிக்கு 18 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும் கேபிள் வேண்டும்.

டர்பனில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை உள்ள 2 மீட்டர் கேபிள் வாங்கினேன். முனை கச்சிதமாக உட்காருகிறது, அசைத்தாலும் படம் அறுவதில்லை. சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே வந்தது. அது கேபிளின் குற்றமில்லை. விண்டோஸில் ஒலியை டிவிக்கு மாற்றியதும் கெட்டிமேளம் கூடம் முழுக்கக் கேட்டது. லேப்டாப்பை டிவி பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் குறை. அம்மா மூன்று முறை பார்த்துவிட்டார்.