"எல்லாத்துக்கும் கவர் இருக்குண்ணே": கேட்டரிங், பலகாரம் செய்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கேட்டரிங்காரர்களுக்கும் தீபாவளிப் பலகாரம் போடுபவர்களுக்கும் "எல்லாத்துக்கும் கவர் இருக்குண்ணே" என்று சொல்லி பப்ளிக் லயபிலிட்டி பாலிசி (உங்கள் தொழிலால் வெளியாருக்குக் கேடு வந்தால் இழப்பீடு கட்டும் காப்புறுதி) விற்கிறார்கள். அதை நம்பிய ஒரு கேட்டரிங்காரருக்கு நேர்ந்தது இது. ஏஜென்ட் பெயர், கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரி பாலிசி பலர் வீட்டு அலமாரியில் இருக்கும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் சாம்பார் சாதப் பொட்டலம். விடியற்காலையில் வடித்த சோற்றைச் சுடச்சுட டப்பாவில் அடைத்து அடுக்கிவிட்டார்கள். சாப்பிடும்போது மதியம் தாண்டிவிட்டது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் பேசிலஸ் சீரியஸ் கிருமி பெருகும். அது விடும் வாந்தி நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாயங்காலத்துக்குள் பலருக்கு வாந்தி. சிலர் தனியார் மருத்துவமனையில் படுத்தார்கள். பில் கேட்டரிங்காரரிடம் வந்தது.

கம்பெனி கைவிரித்துவிட்டது. சாதாரண பப்ளிக் லயபிலிட்டி, கடைக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால், நீங்கள் கட்டிய பந்தல் சரிந்து ஒருவர் மண்டை உடைந்தால் பணம் கொடுக்கும். விற்ற பொருளால் வரும் கேடு அதில் பெரும்பாலும் விலக்கு. அதற்கு 'உணவு, பான நச்சு' என்ற கூடுதல் பிரிவு வேண்டும். இல்லையென்றால் தனியாக ப்ரொடக்ட் லயபிலிட்டி, அதாவது விற்ற பொருளால் வரும் கேட்டுக்கான காப்புறுதி வேண்டும். இவர் பாலிசியில் இரண்டுமே இல்லை. போதாததற்கு, பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் தொழிலை 'மளிகைக் கடை' என்று போட்டிருந்தார். இடம் என்ற கட்டத்தில் கடை முகவரி மட்டும். கோயில் மண்டபம் கணக்கிலேயே இல்லை.

அதோடு முடியவில்லை. மனசு கேட்காமல் அவர் கோயில் கமிட்டி வாட்ஸ்அப்பில் "என் தப்புதான், எல்லா பில்லும் நான் கட்டுறேன்" என்று போட்டிருந்தார். கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது இந்தப் பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், வருத்தம் சொல்லுங்கள். யார் தப்பு, யார் கட்டுவது என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனிக்கு அன்றைக்கே எழுத்தில் தகவல் போகட்டும். மிச்சச் சோற்றைக் கொட்டாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சுகாதார அலுவலகம் மாதிரி எடுக்கும்.

"நான் சுத்தமாத்தானே செஞ்சேன்" என்பது பெரிதாக எடுபடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பகுதிப்படி, குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் கேடு வந்தால், தயாரித்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 'நாங்கள் பொறுப்பல்ல' என்று அட்டையில் எழுதி ஒட்டுவதும் வீண்.

வாங்கும்போது கவர் நோட்டோடு (தற்காலிகச் சான்று) நிற்காதீர்கள். தொழில், இடம், தொகை எல்லாம் எழுதியிருக்கும் ஷெட்யூல் பக்கத்தைக் கேளுங்கள். தொழில் 'கேட்டரிங், வெளியிடத்திலும் பரிமாறுதல்' என்று இருக்கிறதா? ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். ப்ரொடக்ட் லயபிலிட்டியில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே வரம்புதான். ஒரே திருவிழா அதைத் தின்றுவிடும். எக்ஸஸ் என்பது உங்கள் கையிலிருந்து போகும் முதல் தொகை. முறுக்கு சிங்கப்பூருக்குப் போகிறதென்றால் 'மலேசியா மட்டும்' என்ற வரியை மாற்றாமல் கையெழுத்து வேண்டாம். முன்மொழிவுப் பாரத்தை ஏஜென்டே நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. தொழில் காப்புறுதியில் தெரிந்த விஷயத்தை மறைத்தால் கம்பெனி பாலிசியையே தள்ளிவிடலாம்.

ஏஜென்ட் பியாமில் (PIAM, மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கம்) பதிந்தவரா என்று பார்த்துவிட்டு, பிரீமியத்தைக் கம்பெனி பெயருக்கே கட்டுங்கள். 60 நாளுக்குள் கட்டாவிட்டால் பாலிசி தானாக ரத்தாகும் என்ற வரி பெரும்பாலான பொதுக் காப்புறுதியில் உண்டு.

கிளேம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் புகார் பிரிவுக்கு எழுதி, இறுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைத்த 6 மாதத்துக்குள், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்கு (FMOS, நிதி நிறுவனங்கள் மீதான புகாரைத் தீர்க்கும் நடுநிலை அமைப்பு) போகலாம். சிறு வியாபாரிகளையும் ஏற்பார்கள். பழைய பாலிசியைத் தூக்கிப் போடாதீர்கள்: வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது, சம்பவம் நடந்த ஆண்டின் பாலிசிதான் கேட்கப்படும்.