முதுகில் 27: ஃபுட்டி ஜேர்சிக்கு இலக்கம் ஒட்டலாமா?

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகளின் பத்தாம் அளவு, கை இல்லாத ஃபுட்டி (அவுஸ்திரேலியாவின் சொந்தக் கால்பந்து) ஜேர்சி. இங்கத்தைச் சனம் 'கேர்ன்சி' என்று சொல்லும். மாசி மாதம், பருவம் தொடங்க முன்னம், மெல்பேர்ணில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மகனுக்கு வாங்கினது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கிழமைக்கு இரண்டு தரம் கழுவியிருக்கிறேன். நிறம் மங்கவில்லை, கழுத்துப் பட்டி தொய்யவில்லை, சேற்றுக் கறை சாதாரண சவர்க்காரத்துக்கே போய்விடுகிறது. மகனுக்கு ஒன்பது வயது. ஓர் அளவு பெரிதாக எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. ஆடி மாதக் காற்றுக்கு உள்ளே தடித்த முழுக்கை உடுப்புப் போடாமல் மைதானத்தில் நிற்க ஏலாது. துணிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நாலரை.

சிக்கல் முதுகில்.

இந்த விளையாட்டில் ஜேர்சியில் வீரரின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். மேலதிகமாகக் கொஞ்சக் காசு கொடுத்தால் கடையிலேயே சூடு வைத்து ஒட்டித் தருவார்கள். மகன் 27 தான் வேண்டும் என்று நின்றான். எங்கள் கழகத்தின் 27 அவனுக்குக் கடவுள். (கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் டண்டினோங்கில் சீவிக்க வேண்டியிருக்கிறது.) காசு வாங்கின பெடியன் சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டினான்: இலக்கம் ஒட்டினால் திருப்பி எடுக்கமாட்டோம். அளவு பிழைத்தால் மாற்ற ஏலாது, அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஐப்பசியில் 27 வேறு கழகத்துக்குப் போய்விட்டார்.

புரட்டாதிக் கடைசியில் இறுதிப்போட்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. அதற்குப் பிறகுதான் கழகங்கள் ஆட்களை மாற்றிக்கொள்கிற ட்ரேட் காலம் தொடங்கும். அதன் கடைசி நாள் ஒரு புதன்கிழமை, இரவு ஏழரைக்குக் கதவை அடைப்பார்கள். அன்றைக்கு நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மகன் ஃபோனில் ட்ரேட் ரேடியோவைப் போட்டுவிட்டு சம்பல் கிண்ணத்தில் சாத்தி வைத்திருந்தான். ஏழு மணி போல ஒரு பெயர் சொன்னார்கள். பிள்ளை புட்டைக் குழைத்த கையோடு அப்படியே இருந்தான். என்ரை மனுசன், இவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. "அதுக்கென்னடா, பேரா எழுதியிருக்கு? 27 தானே, வாற வருசம் வேறை ஒருத்தன் போடுவான்" என்றார். கணக்குப்படி சரிதான். மகன் சாப்பிடாமல் எழும்பிப் போனான்.

அன்றைக்கு இரவுதான் இந்த விதிகளை உட்கார்ந்து வாசித்தேன். வாசித்துப் போட்டு இலக்கம் ஒட்டியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

ஒரு பெடியன் பதினெட்டு வயதில் பெரிய லீக்கின் 18 கழகங்களில் எதற்குப் போவது என்று தானே தீர்மானிக்க ஏலாது. 1986இலிருந்து ட்ராஃப்ட் இருக்கிறது, அதாவது கழகங்கள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கிற ஏற்பாடு. அந்த வருடம் கடைசியாய் வந்த கழகம் முதலில் ஆளைத் தெரிவு செய்யும், சம்பியன் கடைசியில் தெரிவு செய்யும். மெலிந்தவன் தேறவேண்டும் என்பது எண்ணம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அடிலெய்டில் தாய் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த கிழமை மெல்பேர்ணில் நிற்கும், மெல்பேர்ண் பிள்ளை பேர்த்தில் நிற்கும். எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பதினெட்டு வயதில் தெரியாத ஊருக்கு அனுப்பப்பட்டவன் வீட்டைத்தான் நினைப்பான். ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ் 2021 ட்ராஃப்டின் முதல் தெரிவு. தென் அவுஸ்திரேலியப் பெடியன், நோர்த் மெல்பேர்ண் எடுத்தது. ஒரே ஒரு பருவம். 2022 முடிய அடிலெய்டுக்கே, போர்ட் அடிலெய்டுக்குத் திரும்பிவிட்டான். அந்த ஒரு வருடத்தில் அவன் இலக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒட்டிக் கொடுத்த தாய்மார் எத்தனை பேரோ. வேறு மாநிலத்திலிருந்து வந்த இளம் ஆளின் இலக்கத்தை முதல் இரண்டு மூன்று வருடம் தொடவே கூடாது.

சரி, தலைவரின் இலக்கமாவது பாதுகாப்பா என்றால் அதுவும் இல்லை. ரொம் பொய்ட் 2013இன் முதல் தெரிவு, விக்ரோறியாப் பெடியன், சிட்னியின் ஜயண்ட்ஸ் எடுத்தது. ஒரு வருடத்தில் வெஸ்டேர்ன் புல்டோக்ஸுக்கு வந்தான். மாற்றாக அங்கே போனது யார்? புல்டோக்ஸின் தலைவர் ரயன் கிரிஃபன், கூடவே ஆறாவது ட்ராஃப்ட் தெரிவு. தலைவரைக் கொடுத்து ஒரு வருடப் பிள்ளையை வாங்கினது அப்போது பைத்தியக்காரத்தனமாய்த் தெரிந்திருக்கும். 2016 இறுதிப்போட்டியில் பொய்ட் மூன்று கோல் அடித்தான், 1954க்குப் பிறகு புல்டோக்ஸுக்குக் கிண்ணம் கிடைத்தது.

ஒப்பந்தம் எத்தனை வருடம் இருக்கிறது என்று பார்த்து ஒட்டலாம் என்று இவர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், அடம் ட்ரெலோவரின் கதையை வாசிக்கும் வரை. கொலிங்வூட்டில் 2025 வரை ஒப்பந்தம். போக விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். ஆனால் ஒரு கழகம் எல்லா வீரருக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று சம்பள உச்சவரம்பு இருக்கிறது. கொலிங்வூட்டின் கணக்கு இடித்தது. 2020 ட்ரேட் காலத்தில் அவர் புல்டோக்ஸுக்குப் போகவேண்டியதாயிற்று. வீரர் சம்மதிக்காமல் அனுப்ப ஏலாது என்றுதான் விதி. 'உனக்கு இங்கே இடமில்லை' என்று சொன்ன பிறகு வாங்குகிற சம்மதம் எப்படிப்பட்டது என்று வேலை பறிபோனவர்களுக்குத் தெரியும்.

கன காலம் இருந்த பெரிய ஆள்தான் நிலையான இலக்கம் என்று நான் நினைத்தேன். அங்கே வேறொரு பொறி. 2012இல் ஃப்ரீ ஏஜென்சி வந்தது. ஒரே கழகத்தில் எட்டுப் பருவம் இருந்து ஒப்பந்தமும் முடிந்தால், தான் விரும்பின கழகத்தோடு பேசலாம். அதாவது எட்டு வருடமாய் உங்கள் பிள்ளை வணங்குகிற ஆளுக்குத்தான் கதவு திறக்கிறது! ஹோதோர்னின் 23, லான்ஸ் ஃபிராங்க்ளின். 2013இல் கிண்ணம் வென்று ஒரு கிழமை ஆகவில்லை, சிட்னி ஒன்பது வருடத்துக்கு 10 மில்லியன் டொலர் பேசி அழைத்துக்கொண்டு போனது. அவர் அங்கேயும் 23 தான் போட்டார், இலக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனமாதிரி. ஹோதோர்னுக்கு நட்டஈடாய்க் கிடைத்தது 19ஆவது ட்ராஃப்ட் தெரிவு. அடுத்த வருடம் இறுதிப்போட்டியில் அதே சிட்னியை, ஃபிராங்க்ளினையும் வைத்துக்கொண்டு, 63 புள்ளியால் ஹோதோர்ன் அடித்ததை வாசித்தபோது எனக்கு எந்தக் கழகத்தோடும் ஒட்டில்லாவிட்டாலும் சிரிப்பு வந்தது.

கழகத்தில் கூடச் சம்பளம் வாங்குகிற ஆள் என்றால் அந்த ஃப்ரீ ஏஜென்சியிலும் ஒரு கொக்கி. வெளியார் சொல்கிற அதே தொகையைப் பழைய கழகமும் தர முன்வரலாம். அப்படிச் செய்தால் சும்மா போக ஏலாது, பேரம் பேசித்தான் போகவேண்டும். 2020இல் ஜெரமி கமரனுக்கு ஜயண்ட்ஸ் இதைத்தான் செய்தது. கடைசியில் ஜீலோங் முதல் சுற்றுத் தெரிவு மூன்றைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. 2022இல் ஜீலோங் கிண்ணம் வென்றபோது கமரன் இருந்தார். மறுபக்கம் 81 புள்ளியால் தோற்ற சிட்னியில் ஃபிராங்க்ளின் இருந்தார்.

அப்படியென்றால் ஒட்டக்கூடிய இலக்கமே இல்லையா? ஒரு வகை இருக்கிறது. தகப்பன் ஒரு கழகத்துக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்தக் கழகம் முன்னுரிமையோடு எடுக்கலாம். சும்மா அல்ல. வேறு கழகம் அவனைக் கேட்டால், அந்த இடத்துக்கு ஈடான புள்ளிகளைத் தன் மற்றத் தெரிவுகளிலிருந்து கட்டவேண்டும். நிக் டைக்கோஸை 2021இல் நாலாவது தெரிவில் கோல்ட் கோஸ்ட் கேட்டது, கொலிங்வூட் ஈடு கட்டி எடுத்தது. அவர் போடுவது 35. தகப்பன் பீற்றர் டைக்கோஸ் போட்டதும் 35. என்ரை மகனின் வகுப்பில் ஒரு பெடியன் தகப்பனின் பழைய 35ஐ அப்படியே போட்டுக்கொண்டு வருகிறானாம். அந்த வீட்டில் காசு மிச்சம்.

நான் இதை வேலைத்தளத்தில் சொன்னேன். முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு வேலை. நித்திரை வராத ஒரு அம்மா இருக்கிறா, மெல்பேர்ண் கழகத்து ஆள், நீலமும் சிவப்புமாய் ஒரு பழைய கழுத்துச் சால்வை கட்டில் தலைமாட்டில் கிடக்கும். தகப்பன் கழகத்துக்கு வாற மகன் போகமாட்டான் என்று நான் சொல்ல, அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "பராஸி?" என்று மட்டும் கேட்டா.

றொன் பராஸியின் தகப்பன் மெல்பேர்ணுக்கு ஆடினவர், 1941இல் டொப்ரூக் போரில் செத்துப்போனார். மகன் அந்தத் தகப்பன்-மகன் விதியால்தான் மெல்பேர்ணுக்கு வந்தார், ஆறு கிண்ணம் வென்றார். முதுகில் 31. 1964 பருவம் முடிய கார்ல்ட்டனுக்குப் போய்விட்டார், ஆட்டக்காரரும் பயிற்றுநருமாய். இந்த அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது, என்ரை மகனின் வயது. கம்பளி நூலில் பின்னின ஜேர்சி, தாய் துணியில் 31 வெட்டித் தைத்துக் கொடுத்தது. செய்தி வந்த அன்றைக்கு இவ தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாயிடம் நீட்டினாவாம், "பிரி" என்று. தாய் ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் போட்டு, "மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்று வைத்துவிட்டா. நாளைக்கு வரவில்லை. பாதி தொங்கின 31ஓடு இரண்டு வருடம் போட்டாவாம்.

தையல் என்றால் பிரிக்கலாம். சூடு வைத்து ஒட்டினதைப் பிரிக்க ஏலாது, இது இந்தப் பொருளின் உண்மையான குறை. நான் முயன்றேன். தலைமயிர் காய வைக்கிற மெஷினால் சூடு காட்டி, பழைய வங்கி அட்டையால் ஓரத்தைச் சுரண்டினேன். 2 மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது, பசை மட்டும் துணியிலேயே தங்கிவிட்டது. அதைத் தேய்க்கத் தேய்க்க 2இன் உருவம் இன்னும் வடிவாய்த் தெரிந்தது. வெயிலில் பார்த்தால் நிழல் மாதிரி. 7இல் கை வைக்கத் துணிவு வரவில்லை. கடையில் கேட்டுப் பார்த்தேன், வெறும் ஜேர்சி புதிதாய் வாங்கச் சொன்னார்கள். மரியாதையாய்த்தான் சொன்னார்கள்.

ஆகவே இலக்கத்துக்கு ஐந்துக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் வெறும் முதுகோடு வாங்குங்கள். ஒட்டத்தான் வேண்டும் என்று பிள்ளை அழுதால் மாசியில் ஒட்டாதீர்கள், அந்த ஐப்பசிப் புதன்கிழமை தாண்டட்டும், பிறகு ஒட்டினால் ஒரு முழுப் பருவமாவது உழைக்கும்.

மகன் அதைத் திரும்பப் போடவில்லை. அலுமாரியில் கிடந்ததை ஏழு வயது மகள் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முழங்கால் வரை தொங்குகிறது, 7 வலது தோளின் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. "அம்மா, இது எங்கடை பொம்பிளையள் ரீமின்ரை 7" என்றாள். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. பெண்கள் அணியும் அதே ஜேர்சிதானே. சந்தோசத்தில் தலையைத் தடவிவிட்டேன், ஆனால் கை ஃபோனைத் தேடியது. பெண்கள் லீக் 2017இல் எட்டுக் கழகத்தோடு தொடங்கி 2022இல் பதினெட்டாய் வளர்ந்தது. புதுக் கழகங்கள் பழைய கழகங்களிலிருந்தும் ஆள் பிடித்தன. 2028இல் ஆண்கள் லீக்கில் தஸ்மேனியாவும் சேருகிறது, அதுக்கும் எங்கிருந்தாவது ஆள் வரத்தானே வேண்டும்.

7இன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மகளுக்குச் சொல்லவில்லை.