மூடிய போர்ட்டா, மறிக்கப்பட்ட போர்ட்டா? என்மேப் மென்பொருள் குறித்து

வீட்டுக் கணினியில் நான் நிறுவிய ஊடக சர்வர் (படம், பாட்டு போன்றவற்றைப் பிற கருவிகளுக்கு வழங்கும் நிரல்) அதே கணினியின் உலாவியில் தடையின்றித் திறந்தது. பக்கத்து அறையிலிருந்த மடிக்கணினியில் மட்டும் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை அணைத்து இயக்கியும், சர்வரை நீக்கி மறுபடி நிறுவியும் இரண்டு மாலைகள் வீணான பிறகுதான், ஒரு கணினியின் போர்ட்டுகள், அதாவது நிரல்கள் இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாயில்கள், என்ன நிலையில் உள்ளன என்று சோதிக்கும் என்மேப்பை நாடினேன்.

கார்டன் லயன் 1997 செப்டம்பரில் முதன்முதலாக வெளியிட்ட இந்த இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்களுக்கு ஜென்மேப் என்ற முகப்பும் உண்டு. எளிய சோதனைகளுக்கு அதுவே போதும்.

போர்ட்டின் நிலையை என்மேப் ஆறு வகையாகப் பிரித்தாலும் வீட்டில் நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுபவை மூன்றுதான். 'ஓப்பன்' என்றால் அங்கே ஒரு நிரல் இணைப்பை ஏற்கக் காத்திருக்கிறது. 'க்ளோஸ்டு' என்றால் நாம் அனுப்பிய பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) கணினியைச் சென்று சேர்ந்தது, ஆனால் அந்த எண்ணில் எந்த நிரலும் இல்லை என்று கணினியே மறுப்பு அனுப்பிவிட்டது. சர்வர் இயங்கவில்லை, அல்லது 127.0.0.1 என்ற தன் உள்முகவரியில் மட்டும் காத்திருக்கிறது என்று அங்கே தேட வேண்டும். 'ஃபில்டர்டு' என்றால் பதிலே வரவில்லை, அல்லது வழியில் ஏதோ ஒன்று தடுத்துவிட்டது. பெரும்பாலும் அது, வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால். உலாவி இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்வதில்லை. இந்த ஒரு பாகுபாட்டுக்காகவே என்மேப்பை நான் மதிக்கிறேன்.

மடிக்கணினியிலிருந்து சோதித்தபோது என் சர்வர் பயன்படுத்தும் 8096 என்ற போர்ட் எண்ணுக்கு 'ஃபில்டர்டு' என்று வந்தது. பார்த்தால், விண்டோஸ் என் வீட்டு வைஃபையைப் 'பொது' வலையமைப்பாகக் கருதியிருந்தது. சர்வருக்கான அனுமதியோ 'தனியார்' வகைக்கு மட்டுமே இருந்தது. வகையை மாற்றியதும் 'ஓப்பன்' ஆயிற்று. சோதனையை இன்னொரு கணினியிலிருந்தே செய்ய வேண்டும். அதே கணினியிலிருந்து செய்தால் பாக்கெட் வெளியே போகாமலே திரும்பிவிடும், ஃபயர்வாலின் தடை தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும்போது, எந்த நிரலும் காத்திராத போர்ட்டுக்குக்கூட மறுப்பு அனுப்பாமல் மௌனமாக இருந்துவிடும். ஆகவே 'ஃபில்டர்டு' என்று வந்தவுடன் ஃபயர்வாலைக் குற்றம் சொல்லாமல், சர்வர் உண்மையில் காத்திருக்கிறதா என்பதை அந்தக் கணினியிலேயே நெட்ஸ்டாட் கட்டளையால் முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. மொத்தம் 65,536 போர்ட்டுகள் இருக்க, எண்ணைக் குறிப்பிடாவிட்டால் அதிகம் புழங்கும் 1,000 போர்ட்டுகளை மட்டுமே என்மேப் சோதிக்கிறது. புதியவர் தன் எண் பட்டியலில் இல்லாததைக் கண்டு குழம்புவார். எண்ணுக்கு அருகில் காட்டும் சேவைப் பெயரும், பதிப்பறியும் சோதனையைத் தனியே கேட்காதவரை, ஓர் அட்டவணையிலிருந்து எடுத்த ஊகமே. முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் முறையான, இணைய விளையாட்டுகள் பெரிதும் சார்ந்திருக்கும் யுடிபியில் நிலைமை இன்னும் கடினம்: பதில் வராவிட்டால் 'ஓப்பன் அல்லது ஃபில்டர்டு' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும். லினக்ஸ் கணினி மறுப்புச் செய்தியை நொடிக்கு ஏறக்குறைய ஒன்று என்று கட்டுப்படுத்துவதால், எல்லா யுடிபி போர்ட்டுகளையும் சோதித்து முடிக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

தடை பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் 'ஃபில்டர்டு' என்ற சொல் காட்டாது. மடிக்கணினியைக் கைபேசியின் டேட்டாவில் இணைத்து வெளியிலிருந்து சோதித்தேன். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) சரியாக இருந்தும் மீண்டும் 'ஃபில்டர்டு'. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: அதன் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்புக்குள் இருந்தது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இணையச் சேவையாளர்களுக்காக ஒதுக்கப்பட்ட வரம்பு அது. அங்கே நம் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. சேவையாளரிடம் தனிப் பொது முகவரி கேட்டுப் பெற்று, அதே கட்டளையை மறுபடி இயக்கியபோது 8096க்கு நேரே 'ஓப்பன்' என்று வந்தது.