வைக்கோலைப் பசும்புல்லாக்கும் பொடி: மாடு வளர்ப்போர் கவனத்திற்கு

பிசான நெல் அறுவடை முடிந்து வைக்கோல் படப்பு போட்ட கையோடு, மாசி மாதத்தில், வீடு தேடி வந்த ஒரு வியாபாரியிடம் 1,850 ரூபாய் கொடுத்து 5 கிலோ தீவனப் பொடி வாங்கினேன். அதனால் ஒரு கறவை மாட்டை இழக்க இருந்தேன். திருநெல்வேலி மாவட்டத்தின் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வட்டாரத்தில் அதே பொடி இன்னும் கைமாறுவதாகக் கேள்விப்படுவதால் நடந்ததை எழுதுகிறேன்.

அவர் பேச்சில் பாதி உண்மை இருந்ததால்தான் நான் ஏமாந்தேன். வைக்கோலின் நாரை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே அதைச் சிதைக்கின்றன. அவற்றுக்குத் துணையாக ஈஸ்ட்டும் நொதிகளும் தீவனத்தில் சேர்க்கப்படுவதும் உண்டு. "அண்ணாச்சி, இதப் போட்டா வைக்கோலும் பசும்புல்லும் ஒண்ணுதான். இனிமே புண்ணாக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம்" என்று அவர் முடித்தபோது, அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். "புண்ணாக்க நிறுத்திராதல" என்று அம்மா சொன்னது காதில் ஏறவில்லை.

பத்து நாளில் என் கறவை மாடு செவலையின் பால் 8 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்கு இறங்கியது. தொலைபேசியில் கேட்டதற்கு, அளவை இரட்டிப்பாக்கித் தண்ணீரில் கரைத்து வைக்குமாறு அவர் சொன்னார். வெறும் வைக்கோல் தின்றிருந்த மாடு அதைக் குடித்த அரை மணி நேரத்திற்குள் வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி, இடப்பக்க வயிறு உப்பித் தள்ளாடத் தொடங்கியது. நல்ல வேளையாகக் கால்நடை மருத்துவர் பக்கத்து ஊரில் இருந்தார். வந்தவுடன் குளிர்ந்த நீரில் வினிகர் கலந்து ஊற்றச் செய்தார். பொழுது சாயும் நேரத்தில்தான் செவலை மறுபடி அசைபோட்டது.

மறுநாள் மருத்துவர் முன்னிலையில் மீதிப் பொடியைக் கொஞ்சம் ஒரு செம்புத் தண்ணீரில் போட்டபோது தவிடு மேலே மிதந்தது, வெள்ளைக் குருணை அடியில் கரைந்தது, செம்பு சில்லிட்டுப் போனது. தெளிப்பதற்கு யூரியா கரைத்த எவருக்கும் அந்தக் குளிர்ச்சி தெரியும். பகுப்பாய்வு செய்யாமல் உறுதி சொல்ல முடியாது என்றாலும், மாட்டுக்கு வந்த அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால் யூரியா நஞ்சாகத்தான் தெரிகிறது என்றார் மருத்துவர். உரக்கடையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும் சரக்கைத் தவிட்டில் கலந்து இந்த விலைக்கு விற்றிருக்கிறார்கள் என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மருத்துவர் விளக்கியது இது: நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடுதான், தீவனத்தில் மொத்தமாக 7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பெருவயிற்று நுண்ணுயிர்களே சோர்ந்துவிடும். ஆகவே புண்ணாக்கை நிறுத்திவிட்டு எந்த ஈஸ்ட்டைப் போட்டாலும், அது நல்ல ஈஸ்ட்டாகவே இருந்தாலும், வைக்கோல் செரிக்காது. யூரியாவும் தன்னளவில் விலக்கப்பட்ட பொருள் அல்ல. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால், அதிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நாரின் இறுக்கத்தைத் தளர்த்திப் புரத அளவையும் உயர்த்தும். நெடி போகும்வரை ஆற விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியே கொடுக்க வேண்டும். 6 மாதத்திற்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. முதன்முறை செய்பவர்கள் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உள்ளூர் மருந்தகத்திலோ கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

முறையான ஈஸ்ட் பையில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், தயாரித்த நாள், ஒரு கிராமில் உள்ள உயிருள்ள ஈஸ்ட்டின் எண்ணிக்கை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். என்னிடம் வந்தது வாய் தைத்த வெள்ளைச் சாக்கு. பசுமாட்டுப் படமும் "5 கிலோ" என்ற பச்சை முத்திரையும் தவிர வேறு எழுத்தே கிடையாது. ரசீது கேட்டபோது அடுத்த நடையில் தருவதாக வியாபாரி சொன்னார். செவலை விழுந்த நாளிலிருந்து அந்தத் தொலைபேசி எண் அணைந்தே கிடக்கிறது. மீதிப் பொடியைச் சாக்கோடு கட்டி, கன்றுக்குட்டிக்கு எட்டாத பரணில் வைத்திருக்கிறேன்; இதே முத்திரையுள்ள சாக்கு வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், சேர்ந்து புகார் கொடுக்க அதைக் கொண்டு வருகிறேன்.